ஹால்ல ஒரு ஹாமில்டன்

ஹலோ... ஹலோ, எல்ஜின்? நான்தான்யா, ஹாமில்டன்... ஆமா, ஆமா, நானேதான். குரலுக்கு ஒண்ணும் ஆகல, ரகசியமா பேசறேன், அவ்வளவுதான். சமையல்கட்டுல ஒளிஞ்சு நின்னுட்டிருக்கேன்... என் வீட்டு சமையல்கட்டுலதான்யா, வேற எவன் வீட்டுல போய் ஒளிவேன்?

சரி, கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. போன மாசக் கூட்டத்துல என் ஹாமில்டன் வாட்ச்சை இரவலா எடுத்துட்டுப் போனியே, அது இப்ப உங்கிட்ட இருக்கா?... நீளச் சதுரமா, முதுகு வளைஞ்சு, மணிக்கட்டோட ஒட்டிப் படுத்துக்குமே, அதேதான்... இருக்கா?... பத்திரமா இருக்கா?... எங்க?... பீரோவுல. சரி, கண்ணால பார்த்தியா?... 'இருக்கும்'னா என்ன அர்த்தம்? இருக்கா, இருக்குமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு... எழுந்து போய்ப் பாரு. இப்பவே... சாப்பாடு எங்கயும் ஓடிப் போகாதுய்யா. கையைக் கழுவு, போனைக் காதுல வெச்சுக்கிட்டே போ...

ஐயோ, இரு, சம்சாரம் வர்றா.

என்ன, சர்க்கரை டப்பாவா? அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்... இது கடைப் போன். ஒருத்தருக்கு மூக்குக்கண்ணாடி உடைஞ்சு போச்சாம். பாவம், எதிர்ல நிக்கறது ஆளா கதவான்னே தெரியலையாம்... ரெண்டே நிமிஷம், வந்துடறேன். நீ போய் அந்தத் தம்பிகிட்ட பேச்சுக் கொடுத்துட்டிரு... என்ன பேசறதா? மழையைப் பத்திப் பேசு, வெயிலைப் பத்திப் பேசு. ஆளை மட்டும் எழுந்து போக விட்டுடாத... ஏன்னா? மரியாதைக்குத்தான்!

போயிட்டா... யாருக்கும் கண்ணாடி உடையலய்யா, அது அவளுக்குச் சொன்னது. நீ பீரோ சாவியைத் தேடு. தேடிக்கிட்டே காதைக் கொடு.

என் பொண்ணு இன்னிக்கு ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கா... ஆமா, அந்தக் கூட்டிட்டு வர்றதுதான். கட்டினா இவனைத்தான் கட்டிக்குவாளாம். நான் உக்கார வெச்சுப் பேசிப் பார்த்துட்டு இன்னிக்கே ஒரு பதில் சொல்லணுமாம்... எனக்கு நேத்துதான்யா தெரியும். அவ அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்போல, மூச்சு விடல... வாழ்த்தெல்லாம் அப்புறம் சொல்லு. அந்தப் பையன் கையில என்ன கட்டிட்டு வந்திருக்கான்னு கேளு... கேளேன்!... என் ஹாமில்டன்!

எல்ஜின்?... ஆமாங்கறேன். என் ஹாமில்டனைக் கட்டிக்கிட்டு, என் சோபாவுல உக்காந்துக்கிட்டு, என் பிஸ்கட்டையே தின்னுட்டிருக்கான்... அதே மாதிரி வேற ஒண்ணா? யோவ், என் வாட்ச்சை எனக்குத் தெரியாதா? எட்டுய்யா, எட்டு! டயல்ல பொன் எண்ணெல்லாம் தனித்தனியா ஒட்டியிருக்குமே, அதுல எட்டு கழண்டு விழுந்து நானே பசை வெச்சு ஒட்டினேன்... ஆமா, ஒருக்களிச்சுப் படுத்துடுச்சு. நம்ம ரிப்பேர்காரர் நேராக்கித் தரேன்னு எவ்வளவோ கெஞ்சினார், நான்தான் கை வைக்காதீங்கன்னுட்டேன். அமெரிக்காக்காரன் எத்தனை ஹாமில்டன் செஞ்சு அனுப்பியிருந்தாலும் எட்டு தூங்கிட்டிருக்கறது என்னோடது ஒண்ணுலதான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? அதுவும் கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவனுக்கு!

கிட்டக்கப் போய்ப் பார்த்தியாவா? பார்க்காம இருப்பேனா? அவன் முழுக்கைச் சட்டை போட்டிருக்கான்யா. சாசரைத் தூக்கறப்ப மட்டும் சட்டைக் கை மேல ஏறுது, வாட்ச் தெரியுது. கீழ வெச்சா மறைஞ்சு போகுது. அதனால நான் என்ன பண்றேன், கப்பு காலியாக ஆக டீயை ஊத்திட்டே இருக்கேன்... எத்தனை கப்பா? கணக்கெல்லாம் இல்ல. பாவம், மறுக்க முடியாம குடிச்சுட்டே இருக்கான். இன்னும் கொஞ்ச நேரத்துல பாத்ரூம் எங்கன்னு கேப்பான்.

என்ன, திறந்துட்டியா?... டப்பா இருக்கா?... ம்... உள்ள?... காலியா? நான் சொல்லல? சொன்னேனா இல்லையா?... யோவ், நீ எதுக்குய்யா தலையில அடிச்சுக்கற? தொலைஞ்சது என்னோடது, அடிச்சுக்க வேண்டியவன் நான்... உக்காரு. முதல்ல உக்காரு. தண்ணி குடி... குடிச்சியா?

இப்ப சொல்லு. பழைய வாட்ச் சேர்த்துச் சேர்த்து, அந்தக் கம்பெனிப் பேரையே சொல்லி ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கற நாம அஞ்சு பேரும் என்ன பேசி வெச்சிருக்கோம்? பெட்டியில பூட்டி வெச்சா எண்ணெய் இறுகிப் போயிடும், அதனால ஆளுக்கு அடுத்தவன் வாட்ச் ஒண்ணை எடுத்துட்டுப் போய் ஒரு மாசம் கட்டணும். சரியா? எடுத்துட்டுப் போனா என்னென்ன செய்யணும்? சொல்லு, உன் வாயாலயே சொல்லு... ம், தினம் சாவி கொடுக்கணும்... ம், தண்ணியில காட்டக் கூடாது... பின்மூடியைத் திறக்கக் கூடாது, சரி... அப்புறம்?... அப்புறம்யா?... ஆங்! மூணாவது கைக்குப் போகக் கூடாது. நீயே சொல்லிட்ட பாரு. இது எந்தக் கையில இருக்கு இப்போ?

நீ கொடுக்கலன்னா அப்புறம் எப்படிப் போச்சு? இறக்கை முளைச்சுப் பறந்து வந்து அவன் கையில உக்காந்துக்கிச்சா?... திருட்டா? நானும் அதேதான் நினைச்சேன். கேட்டும் பார்த்தேன்யா. 'தம்பி, வாட்ச் நல்லாருக்கே, எங்க வாங்கினது'ன்னு சும்மா போறபோக்குல கேட்டேன். 'எங்க அப்பாவோடது, அங்கிள்'ங்கறான். கண்ணு இமைக்கணுமே, ஊஹூம்! தேர்ந்த கை. எங்கிட்டயே, என் வாட்ச்சைக் கட்டிக்கிட்டு, எங்க அப்பாவோடதுங்கறான்! எனக்கு வந்த கோவத்துல டீ கெட்டிலை அப்படியே...

இதோ வந்துட்டேன் தம்பி! அந்த கேக்கைச் சாப்பிடுங்க! கூச்சப்படாதீங்க, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கங்க!

...ஏற்கனவே அப்படித்தான் நினைச்சுட்டிருக்கான், நான் வேற சொல்லணுமாக்கும். ராஸ்கல்.

போலீஸா? எனக்கும் கை துறுதுறுங்குது. ஆனா... எப்படிய்யா கூப்பிடறது? என் பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா. அவன் பேசறப்ப அவ அவனைப் பார்க்கற பார்வையை ஒரு தரம் பார்த்துட்டேன். வாட்ச் போனா போகட்டும், அது வெறும்... சரி, வெறும் வாட்ச்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனாலும் போகட்டும். என் பொண்ணு ஒரு திருட்டுப் பயலைப் போய்க் கட்டிக்கிட்டா நான் என்னய்யா பண்ணுவேன்? வேணாம்னு சொன்னா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டா. சரின்னு சொன்னா நானே என்னை மன்னிக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் இடி, நடுவுல நான் மத்தளம். அதுக்குத்தான் உனக்கு போன் போட்டேன். எனக்குப் பயமா இருக்குய்யா.

ம்... ம்... ஆள் எப்படி இருப்பானா? இரு, சொல்றேன். வந்து... முகம் ஒரு மாதிரி... மூக்கு இருக்கு... எல்லாருக்கும் இருக்கும்தான், ஒத்துக்கறேன்... உயரமா குட்டையாவா? உக்காந்திருக்கான்யா!... நடந்துதான் உள்ள வந்தான், அப்ப நான் கையைப் பார்த்துட்டேன், அதுக்கப்புறம் எங்க மேல பார்க்கறது?... கண்ணாடி போட்டிருக்கானா? அது... போட்டிருக்கான்... போடல... யோவ், கண்ணாடிக் கடைக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது? தெரியலய்யா, எனக்கே வெக்கமா இருக்கு.

மணிக்கட்டு வேணா சொல்லட்டுமா? அது அச்சு மாதிரி மனசுல நிக்குது. ஒல்லி மணிக்கட்டு, எலும்பு துருத்திட்டு நிக்கும். இருக்கற ஓட்டை பத்தாம, வார்ல புதுசா ஒரு ஓட்டை குத்தியிருக்கான், என் வார்ல! அப்புறம், வலது கையில கட்டியிருக்கான்... ஆமா, வலது. கப்பைப் பிடிக்கறது, கேக்கை எடுக்கறது, மூக்கைச் சொறியறது, எல்லாம் இடது கை. இன்னும் என்ன... ஆங், வாட்ச்சுக்குக் கொஞ்சம் மேல ஒரு பழைய சூட்டுத் தழும்பு, பாதி நகம் மாதிரி வளைஞ்சு...

எல்ஜின்?... ஹலோ?... ஹலோ, லைன்ல இருக்கியா?... ஏன்யா இப்படி மூச்சு வாங்கற?... என்னது, இஸ்திரிப் பெட்டியா? எந்த இஸ்திரிப் பெட்டி?... யாரு நாலாங்கிளாஸ் படிக்கறப்போ?... யோவ், தலையும் புரியல வாலும் புரியல, ஒழுங்காச் சொல்லு... உன்... உன் என்ன?

உன் பையனா!

இரு. இரு இரு இரு. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்கறேன்... உனக்குப் பையன் இருக்கானா? இத்தனை வருஷமா பழகறோம், ஒரு வார்த்தை சொன்னியா?... நான் கேக்கலையா? சரி, கேக்கலதான். உன்கிட்ட இருக்கற எல்ஜின் ஒவ்வொண்ணுக்கும் உள்ள மெஷின்ல எத்தனை கல்லு, எந்த வருஷம், மூடிக்குள்ள என்ன நம்பர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியல... ஏன், உனக்கு மட்டும் தெரியுமோ? எனக்குப் பொண்ணு இருக்கான்னு இன்னிக்குத்தானே தெரிஞ்சுது?... அப்புறம் என்ன? ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை.

வலது கை, இஸ்திரிப் பெட்டித் தழும்பு... நிச்சயமா அவன்தானா?... சட்டை என்ன கலரா? நீல... சாம்பல்... கை பட்டன் வெள்ளை, அது நல்லாத் தெரியும்... ஆமா? காலையில அதைத்தான் போட்டுட்டுப் போனானா? எங்க போறேன்னு சொன்னான்?... ஃப்ரெண்டு வீட்டுக்கு. ம்ஹும். நல்ல ஃப்ரெண்டுய்யா.

அப்பாடா... இல்ல, 'அப்பாடா'ன்னு சொல்லிட்டேன், ஆனா இன்னும் ஒண்ணு இடிக்குதே. உன் பையனா இருந்தா, எட்டு சாஞ்ச ஹாமில்டனை அவன் ஏன் 'எங்க அப்பாவோடது'ன்னான்? பொய்தானே அது?... அவன் பொய் சொல்லலையா? பின்ன?... ம்... ம்... சொல்லு, ஏன் தயங்கற?... என்னது, நீ சொன்னியா? உன்னோடதுன்னா?

அடப்பாவி! அடேய்! என் எட்டை வெச்சுக்கிட்டு, என்னோடதை, 'என்னோடது'ன்னு உன் வீட்டுல... உன்னை நம்பித்தானே கையில கொடுத்தேன்! நம்ம புலோவாவும் பென்ரஸும் கேள்விப்பட்டா உன்னைக் கூட்டத்துப் பக்கம் அண்ட விடுவாங்களா? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், நீ கெட்டிக்காரன்கூட இல்ல! ஏன்யா சொன்ன? உனக்கு என்ன குறைச்சல்? வரிசையா எல்ஜின் வெச்சிருக்க...

ம்... அவனா வந்து பார்த்தானா... ம்... 'சூப்பரா இருக்குப்பா'ன்னானா... இதுக்கு முன்னாடி சொன்னதே இல்லையா? உன் எல்ஜினைப் பார்த்து?... ஒரு தடவைகூடவா?... ம்... 'நம்மளதா?'ன்னு கேட்டான், நீ ஆமான்னுட்ட... வாய் தவறி.

...சரி. சரி, விடு... கத்தல, கத்தல. எனக்குப் புரியுதுய்யா. எங்க வீட்டுலயும் அதே பாட்டுதான், 'இந்தத் தகரத்தை எல்லாம் எப்பப்பா தூக்கிப் போடுவீங்க'ம்பா என் பொண்ணு. வீட்டுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், கிட்ட வந்து குனிஞ்சு பார்த்து 'அட'ன்னு சொன்னா... நானா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்... சொல்லியிருப்பேன்யா, சத்தியமா. அழாத.

அதுக்கப்புறம்?... ஆபீஸ்ல ஏதோ முக்கியமான நாள்னு ஒரு தடவை நீயே கட்டி விட்டியா. பெரிய மனசு, அடுத்தவன் வாட்ச்சுல... இன்னிக்குச் சொல்லாம எடுத்துட்டானா. அவனைப் பொறுத்தவரைக்கும் வீட்டுப் பொருள், எதுக்குச் சொல்லணும்? பையன் மேல ஒரு தப்பும் இல்ல. மொத்தத் தப்பும் உன் மேலதான்.

என்னது?... என்னன்னு கூப்பிட்ட?... சம்பந்தியா! கொழுப்பைப் பாரு! இன்னும் நான் சரின்னே சொல்லல, அதுக்குள்ள முறை கொண்டாடறியா? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவ போலயே... சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வருது, ஹால்ல கேட்டுடும்.

இங்க வர்றியா? எதுக்கு?... வராத! வந்து என்ன பண்ணப் போற, எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லி என்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறியா? உனக்கு மனசு லேசாயிடும், அவனுக்கு? பொண்ணு வீட்டுக்கு முதல் தடவையா வந்து உக்காந்திருக்கான்யா. கையில கட்டியிருக்கறது இரவல்னு, அதுவும் பொண்ணோட அப்பன்கிட்ட வாங்கின இரவல்னு அங்க வெச்சுத் தெரிஞ்சா, அவன் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்குவான்? இங்க யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவன் வீட்டுக்கு வந்தப்புறம் தனியா உக்கார வெச்சு நீயே சொல்லு... சொல்லித்தான்யா ஆகணும். ஒரு மணி நேரம் திட்டுவான், வாங்கிக்க... ஆமா... ஆமா, அதான் சரி.

ஐயையோ.

...வாம்மா. வா வா. ட்ரேயை இப்படி வெச்சுடு... எவ்வளவு நேரமா அங்க நிக்கற?... ரொம்ப நேரம்னா, எதுல இருந்து?... 'திருட்டுப் பயல்'ல இருந்தா. அது வேற ஒருத்தனைச் சொன்னேன்மா... சரி, அவனைத்தான் சொன்னேன். மன்னிச்சுக்கோ... யாரு, போன்லயா? இவர் வந்து, கண்ணாடி உடைஞ்சு... சரி, சரி, எல்ஜின்தான்.

என்ன சொன்ன?... உனக்குத் தெரியுமா?... வாட்ச்சும் தெரியுமா?... இவரோட பையன்னும் தெரியுமா? எப்படிம்மா?... ம்... ம்... அடேங்கப்பா.

எல்ஜின், கேட்டியா? இவளுக்கு முதல்லயே எல்லாம் தெரியுமாம்யா! உன் பையன் ஆபீசுக்குக் கட்டிட்டுப் போனான்ல, அன்னிக்கே எட்டைப் பார்த்திருக்கா. யாரோடதுன்னு கேட்டிருக்கா, அவன் எங்க அப்பாவோடதுன்னிருக்கான், எங்க அப்பாவுக்குப் பழைய வாட்ச்னா உசுரு, வீடு பூரா எல்ஜின்தான்னிருக்கான். இவ கணக்குப் போட்டுட்டா. தகரம், தகரம்னு சொல்லிக்கிட்டே அத்தனையும் கவனிச்சுட்டுத்தான் இருந்திருக்கா, பாரேன்... இரு, இன்னும் என்னமோ சொல்ல வர்றா.

என்னம்மா?... நீதான் இன்னிக்குக் கட்டிட்டு வரச் சொன்னியா? அவனுக்கு, சரி, அவருக்கு, விஷயம் தெரியுமா?... தெரியாது. கூச்சப்படுவார்னு சொல்லல, சரி. ஆனா ஏன்மா இப்படிப் பண்ண? இதுல நான் போலீசைக் கூப்பிட்டிருந்தா?... கூப்பிட மாட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?... வாட்ச்சைத் திருப்பி என் கையால தொட்டுப் பார்க்காம அவரை வாசல் தாண்ட விட மாட்டேனா. ம்... அது உண்மைதான்.

என்ன... என்ன கேக்கற? கண்ணாடி போட்டிருக்காரான்னா?... அது... ஏன்மா நீயும் அதையே கேக்கற?... போட்டிருக்காரா. சரி... யாரு கடையிலயா?... என் கடையிலயா? எப்போ?... நானா டெஸ்ட் பண்ணேன்? நானேவா?

எல்ஜின்... எல்ஜின், இதைக் கேளு. உன் பையன் போடற கண்ணாடி என் கடையில வாங்கினதாம்... ஆமாய்யா, கறுப்பு ஃப்ரேம். கல்யாணத்தைப் பத்தி எங்கிட்ட நேரா பேசறேன்னு தைரியமாக் கிளம்பி வந்திருக்கான். வந்து உக்காந்து 'அங்கிள்'னு ஆரம்பிச்சிருக்கான். நான் 'தாடையை இதுல வைங்க, மேல் வரியைப் படிங்க'ன்னுட்டேனாம். கடைசி வரி வரைக்கும் படிக்க வெச்சு, பவர் எழுதி, ஃப்ரேமைத் தலையில கட்டி அனுப்பிட்டேனாம். அவன் கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்திருக்கேன்யா, ஆளைப் பார்க்கல... சிரிக்காத... சிரி, சிரி. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கூழ் பானைக்குள்ள விழுமாம் துள்ளி.

அன்னிக்கு அவன் கையில வாட்ச் இல்ல. அதான்யா விஷயம். அதைத்தான் இவ புரிஞ்சுக்கிட்டா. சும்மா கூட்டிட்டு வந்தா அப்பா 'உக்காருங்க தம்பி'ன்னுட்டு ரெண்டு கேள்வி கேட்டு வழி அனுப்பிடுவார், மணிக்கட்டுல அந்த வாட்ச் இருந்தா எழுந்து போக விட மாட்டார்னு. நடந்துச்சே! கெட்டில் கெட்டிலா டீ ஊத்தி உக்கார வெச்சேனே!

கோவமா? நியாயமாப் பார்த்தா வரணும். வரல. பெத்த அப்பன் தலையை நிமிர்த்திப் பார்க்கறதுக்கு ஒரு பொண்ணு இவ்வளவு ஏற்பாடு பண்ண வேண்டியிருக்குன்னா... எனக்கு இது கஷ்டமா இருக்குய்யா. ரொம்பக் கஷ்டமா இருக்கு... ம்... உனக்குமா?... உங்க வீட்டுலயும் அவங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா! அப்போ யாருக்குத்தான் தெரியாது? நம்ம ரெண்டு பேருக்குத்தான்!

இல்லம்மா, அழல. வெங்காயம் பக்கத்துல உக்காந்துட்டேன்... ஆமா, முழு வெங்காயம்தான், உரிக்கல. நீ ஏன் அழற? வா இங்க... வா. ஒண்ணும் இல்ல கண்ணு. உன் மேல தப்பே இல்ல.

ஹலோ... இருக்கேன், இருக்கேன்... என்ன, உன் பையனைப் பத்தியா?... வேணாம். நிறுத்து. நீ ஒண்ணும் சொல்லாத... ரொம்ப நல்லவனா இருக்கட்டும், அதை நீ சொல்லாத. எப்படிப் படிச்சான், என்ன பிடிக்கும், கோவம் வருமா, ஒண்ணும் எனக்கு இப்ப வேணாம். நான் போய் எதிர்ல சேர் போட்டு உக்காந்து, கண்ணைப் பார்த்து நானே கேட்டுக்கறேன்... இவளுக்கு என்ன பதில் சொல்லப் போறேனா? அது அப்புறம். முதல்ல முகம் எப்படி இருக்குன்னு பார்க்கறேன். அவசரப்படுத்தாத.

நீ வீட்டுலயே இரு. இன்னிக்கு வராத... ஆமா, அப்புறம் கூப்பிடறேன்... ஆமா, ஆமா... யோவ், போதும்யா, போனை வை. மாப்பிள்ளை அங்க தனியா உக்காந்திருக்கார்.